டேப்லெட்டின் இரண்டாம் ஆயுளும் இயக்கி நிரல்களும்

ஆந்திரப் பிரதேச அரசாங்கம் 2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், 8ஆம் வகுப்பு மாணவர்களுக்கும் அவர்தம் ஆசிரியர்களுக்கும் ஏறத்தாழ 5.18 லட்சம் டேப்லெட்டுகளை வழங்கிற்று. 2023 டிசம்பரில் அடுத்த தொகுதி மாணவர்க்கு மேலும் 4.34 லட்சம் டேப்லெட்டுகள் தரப்பட்டன. சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் பள்ளிகளுக்கும் இவற்றில் உரிய பங்கு வந்து சேர்ந்தது. ஊரில் ‘டேப்’ என்றே வழங்கும் இக்கருவியில், 3 ஆண்டுப் பாடங்களும் பைஜூஸ் நிறுவனத்தின் செயலியில் முன்னதாகவே ஏற்றப்பட்டிருந்தன. முதல் தொகுதியில் டேப்லெட் பெற்ற பிள்ளைகள் 2025இல் 10ஆம் வகுப்புத் தேர்வை முடித்தனர். பாடம் தந்த நிறுவனமோ 2024 ஜூலையில் நொடிப்பு நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. ஆக, கருவியை வழங்கியபோது எந்த உபயோகம் கருதப்பட்டதோ அது பெரும்பாலும் முடிந்துவிட்டது. கருவிகள் மட்டும் எஞ்சி நிற்கின்றன.

அவற்றிற் பல இன்னும் கெடவில்லை. திரை ஒளிர்கிறது, மின்கலம் ஓரளவு தாங்குகிறது, நினைவகம் படிக்கிறது. எனினும் மலிவு விலை டேப்லெட்டுகளுக்கு உற்பத்தியாளர் தரும் பாதுகாப்புத் திருத்தங்கள் சில ஆண்டுகளோடு நின்றுவிடுவது இத்தொழிலின் வழக்கம். திருத்தம் நின்ற கருவியை வலையில் இணைப்பது அபாயம். இணைக்காமல் வைப்பதோ பெட்டியில் பூட்டி வைப்பதற்கு ஒப்பாகும். இந்நிலையில், ஆண்ட்ராய்டுக்குப் பதிலாக வேறோர் இயங்குதளத்தை இவற்றில் ஏற்றி, பள்ளி நூலகத்திலோ ஆய்வுக்கூடத்திலோ இன்னும் சில ஆண்டுகள் பயன்படுத்தலாகாதா என்ற கேள்வி ஆசிரியர்களிடையே எழுவது இயல்பே. கேள்வி நியாயமானது. ஆனால் விடை இயங்குதளத்தில் இல்லை. ‘டிரைவர்’ என்று வழங்கும் இயக்கி நிரல்களில் இருக்கிறது. இதனை உணராமல் தொடங்கிய முயற்சிகள் பல பாதியில் நின்றிருக்கின்றன.

மேசைக் கணினியில் லினக்ஸ் ஏற்றிப் பழகியவர்களுக்கு இது விளங்குவது சற்றே கடினம். சென்னையிலுள்ள சி-டாக் உருவாக்கி 2007 முதல் வெளியிட்டு வரும் பாஸ் லினக்ஸைப் பழைய கணினிகளில் ஏற்றிய ஆசிரியர் பலர் உளர். 2011 முதல் தமிழ்நாட்டு அரசாங்கம் வழங்கிய மடிக்கணினிகளிலும் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸ் லினக்ஸ் இடம் பெற்றது. அவ்வனுபவத்தைக் கொண்டு, டேப்லெட்டிலும் அவ்வாறே ஒரு தகட்டையோ மெமரி கார்டையோ செருகினால் போதும் என்று எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு.

காரணம் இதுதான். மேசைக் கணினியின் உள்ளுறுப்புகள் தத்தம் பெயரைத் தாமே சொல்லும் திறம் உடையவை. ஆசிரியர் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட, மாணவன் எழுந்து ‘உள்ளேன்’ என்பது போல, இயங்குதளம் விசாரித்தவுடன் ஒவ்வொரு பாகமும் தன்னை ஆக்கிய நிறுவனம் எது, தான் எந்த மாதிரி என்பவற்றை எண்களால் தெரிவிக்கும். அவ்வெண்ணுக்கேற்ற இயக்கி நிரலை இயங்குதளம் தானே தேடி எடுத்துக்கொள்ளும். டேப்லெட்டில் இந்த வழக்கம் பெரும்பாலும் கிடையாது. தொடுதிரைச் சில்லு, மின்கல அளவி, ஒளி உணரி முதலியவை இரண்டே கம்பிகளால் மையச் சில்லோடு இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி எண் உண்டு. பெயர் சொல்லும் வழக்கம் இல்லை. இன்ன முகவரியில் இன்ன சில்லு இருக்கிறது, அதை விழிக்கச் செய்ய இன்ன கால்முனையில் மின்னழுத்தம் தரவேண்டும் என்பதையெல்லாம் முன்னதாகவே எழுதிக் கொடுத்தால் அன்றி, கெர்னல் என்னும் கருநிரலுக்கு அச்சில்லு இருப்பதே தெரியாது. ஒரே பெயரில், ஒரே பெட்டியில் விற்கும் இரு டேப்லெட்டுகளில் வேறு வேறு தொடுதிரைச் சில்லுகள் இருப்பதும் உண்டு. வெளித்தோற்றத்தைக் கண்டு ஒரு முடிவுக்கு வருதல் இயலாது.

தொடுதிரையையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். மலிவான டேப்லெட்டுகளில் ஒரு காலத்தில் மிகுதியாகப் பயன்பட்ட சைலீட் என்ற நிறுவனத்தின் சில்லுகளில் நிலையான நினைவகம் இல்லை. ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும், அச்சில்லுக்குரிய உள்நிரலை இயக்கி நிரல்தான் அதற்குள் ஏற்றவேண்டும். அவ்வுள்நிரலும் எல்லா டேப்லெட்டுக்கும் பொதுவானதன்று. திரையின் அளவு, கண்ணாடியின் கம்பியமைப்பு இவற்றுக்கேற்ப மாதிரிக்கு மாதிரி மாறும். ஒரு மாதிரிக்குரியதை மற்றொன்றில் ஏற்றினால், இடப்பக்கம் தொட வலப்பக்கம் அசையும்; மேலே தொடக் கீழே திறக்கும். பொதுவான லினக்ஸ் கெர்னலில் இச்சில்லுக்கு இயக்கி 2016இல் இடம் பெற்றது. அதன் பின்னரும் ஒவ்வொரு மாதிரிக்கும் உரிய உள்நிரலைத் தொண்டர்கள் பழைய ஆண்ட்ராய்டிலிருந்து ஒன்றொன்றாகத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. திரை ஒளிர்ந்தும் தொடுதல் இயங்காத டேப்லெட் ஆசிரியருக்குச் சுவரில் மாட்டும் படத்துக்கு மேல் உதவாது.

இவ்விஷயத்தில் நம் நாட்டின் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. அது போதிய அளவு நினைவுகூரப்படவில்லை. 2011 அக்டோபர் 5ஆம் தேதி ஆகாஷ் என்னும் டேப்லெட் டெல்லியில் வெளியிடப்பட்டது. அதன் குறைகளைப் பற்றிப் பத்திரிகைகள் நிரம்ப எழுதின. 2012 நவம்பர் 11ஆம் தேதி வெளிவந்த ஆகாஷ்-2, மும்பை ஐ.ஐ.டி.யின் மேற்பார்வையில் திருத்தியமைக்கப்பட்டது. ஆல்வின்னர் ஏ-13 என்ற சில்லு, 1 கிகாஹெர்ட்ஸ் வேகம், 512 மெகாபைட் நினைவகம், 7 அங்குலத் திரை ஆகியவை அதன் அங்கங்கள். அரசாங்கத்துக்கு அதன் விலை ரூ. 2,263. விலையையும் தாமதத்தையும் பற்றி நடந்த வாதத்தில், அதே ஐ.ஐ.டி.யின் குழுவினர் செய்த ஒரு சிறு காரியம் கவனிப்பாரற்றுப் போயிற்று. அவர்கள் அந்த மலிவான டேப்லெட்டில் முழுமையான குனு லினக்ஸை இயங்கச் செய்தனர். செய்முறையையும் மூலநிரலையும் யாவரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டனர்.

அது எவ்வாறு இயன்றது என்பதில்தான் இன்றைக்கு வேண்டிய பாடம் இருக்கிறது. ஏ-13 சில்லின் உள்ளே எழுதப்பட்டிருக்கும் தொடக்க நிரல், மின்சாரம் வந்தவுடன் முதலில் மெமரி கார்டைப் பார்க்கும். கார்டின் ஆரம்பத்திலிருந்து 8 கிலோபைட் தள்ளி உரிய அடையாளச் சொல் இருக்குமானால், அங்கிருந்தே கணினியைத் தொடங்கிவிடும். இல்லாவிட்டால் மட்டுமே உள் நினைவகத்துக்குப் போகும். ஆகவே உள்ளிருக்கும் ஆண்ட்ராய்டைத் தொடவேண்டிய அவசியமே எழவில்லை. கார்டைச் செருகினால் லினக்ஸ், எடுத்தால் ஆண்ட்ராய்டு. தவறு நேர்ந்தால் இழப்பு ஒரு கார்டோடு போயிற்று. இரண்டாவதாக, டேப்லெட்டின் கால்முனை விவரங்கள், திரையின் அளவு, தொடுதிரையின் முகவரி ஆகியவை கெர்னலுக்குள் புதைக்கப்படாமல் தனியொரு கோப்பில் இருந்தன. அக்கோப்பை மனிதர் படிக்கும் எழுத்தாக மாற்றித் திருத்தி மீண்டும் வைக்க இயன்றது. உலகின் பல பாகங்களிலிருந்த தொண்டர்கள் கூடி இச்சில்லுக்கென ஒரு கெர்னலைப் பேணி வந்தது மூன்றாவது காரணம். பூட்டில்லாத வாயில், வெளிப்படையான விவரக்கோப்பு, பேணுவோர் கூட்டம் ஆகிய இம்மூன்றும் சேர்ந்தமையால் ரூ. 2,263 கருவி லினக்ஸில் இயங்கிற்று. இவற்றில் ஒன்று குறைந்தாலும், பத்து மடங்கு விலையுள்ள கருவியும் இயங்காது.

பௌதிக ஆசிரியர்க்கு நெருக்கமான ஓர் உதாரணமும் ஆகாஷின் வரலாற்றில் உண்டு. புது டெல்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான வேகமுடுக்கி மையம் ‘எக்ஸ்பைஸ்’ என்ற சிறு உபகரணத்தை உருவாக்கியிருக்கிறது. ஊசலின் அலைவுகாலம், மின்தேக்கியின் மின்னிறக்கம், ஒலியின் வேகம் முதலியவற்றை அதைக்கொண்டு பள்ளியிலேயே அளக்கலாம். அது யூ.எஸ்.பி. கம்பி வழியாகக் கணினியோடு பேசும். லினக்ஸ் மேசைக் கணினியில் இணைத்த கணத்தில் இயங்கிவிடும். சாதாரண ஆண்ட்ராய்டு கெர்னலிலோ, அத்தொடர்புக்குரிய சிறு இயக்கி பெரும்பாலும் சேர்க்கப்பட்டிராது. இயக்கி எழுதப்படாததன்று, பல ஆண்டுகளாக உள்ளதே. தொழிற்சாலையில் கெர்னலைத் தொகுத்தவர் தமக்கு வேண்டாமென்று விட்டுவிட்டார், அவ்வளவே. மூலநிரலும் திறந்த வாயிலும் கையிலிருந்தால் அதனைச் சேர்த்துக்கொள்வது சிறு காரியம். அவை இல்லையெனில், ஆய்வுக்கூடம் முழுவதும் அத்தொகுப்பாளரின் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டதாகும். ஆகாஷுக்கென மும்பையில் கெர்னலைத் தாமே தொகுத்தமையால், எக்ஸ்பைஸை அதில் இணைக்கும் வழி திறந்தது.

எல்லாம் வெற்றியாயிற்று என்று சொல்வதற்கில்லை. ஏ-13 சில்லினுள் படவரைவுக்கென இருந்த மாலி-400 என்ற பகுதிக்குத் திறந்த இயக்கி அக்காலத்தில் இல்லை. திரைக்குப் படம் அனுப்பும் பகுதி வேறு, படத்தை விரைந்து வரையும் பகுதி வேறு. ஆதலால் திரை தெரிந்தது, ஆனால் வேகம் போதவில்லை. அச்சில்லுக்கு லிமா என்ற பெயரில் திறந்த இயக்கியை எழுதும் முயற்சி 2012 பிப்ரவரியில் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. அது லினக்ஸின் பொதுக் கெர்னலில் இடம் பெற்றதோ 2019 ஜூலையில், 5.2ஆம் பதிப்பில். விவரக்குறிப்புகளை உற்பத்தியாளர் தர மறுத்தமையால், சில்லின் நடத்தையை வெளியிலிருந்து கவனித்துக் கவனித்தே அதனை எழுதவேண்டியிருந்தது. அதற்குள் ஆகாஷ்-2இன் வயது 6 ஆண்டுகளைக் கடந்துவிட்டது. இயக்கி வந்தபோது கருவி இல்லை.

2023 ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த நிறுவனம் ஒன்று உருவாக்கிய பார்ஓஎஸ் என்ற இயங்குதளத்தை மத்திய அமைச்சர்கள் பரிசோதித்துக் காட்டினர். சுதேச இயங்குதளம் வந்துவிட்டது என்ற மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் அது ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலை அடிப்படையாகக் கொண்டது. ஒரு குறிப்பிட்ட கருவியில் அது இயங்கவேண்டுமானால், அக்கருவிக்குரிய இயக்கிகள் அதற்கும் வேண்டும். இயங்குதளத்தின் பெயர் மாறுவதால் தொடுதிரைச் சில்லின் முகவரி மாறிவிடாது.

2017க்குப் பின் ஓரளவு சௌகரியம் ஏற்பட்டிருப்பதையும் சொல்லவேண்டும். ஆண்ட்ராய்டின் 8ஆம் பதிப்பு முதல், சில்லுகளை இயக்கும் பகுதியும் இயங்குதளத்தின் பொதுப் பகுதியும் தனித்தனி அறைகளில் வைக்கப்படுகின்றன. பொதுப் பகுதியை மட்டும் மாற்றி, இயக்கிகள் உள்ள அறையைத் தொடாமல் விட இதனால் இயலும். உபுண்டு டச் முதலியவை இதே உபாயத்தைக் கொண்டு, ஆண்ட்ராய்டின் இயக்கிகளைப் பின்னணியில் வைத்து முன்னே வேறு இயங்குதளத்தை ஓட்டுகின்றன. போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் குழுவினர் இதற்கு நேர்மாறான நோக்கம் உடையவர்கள். பொதுக் கெர்னலையே கருவியில் இயக்க முயல்கின்றனர். முதல் வழி எளிது, ஆனால் பழைய கெர்னலும் அதிலுள்ள ஓட்டைகளும் அப்படியே தங்கும். இரண்டாவது வழி நேரியது. ஒரு மாதிரிக்கு மாதக்கணக்கில், சமயத்தில் ஆண்டுக்கணக்கில் உழைப்பைக் கேட்கும். பள்ளிகளின் நோக்கில், வலையில் இணைக்காமல் நூலகமாகவும் அளவுக்கருவியாகவும் பயன்படப்போகும் டேப்லெட்டுக்கு முதல் வழி போதும். வலையில் இணைக்கவேண்டியவற்றுக்கு அது போதாது.

இரு வழிகளுக்கும் பொதுவான தடை தொடக்கப் பூட்டு. உற்பத்தியாளர் கையொப்பமிட்ட நிரலன்றிப் பிறிதொன்றையும் ஏற்காதபடி கருவி பூட்டப்பட்டிருக்கும். பள்ளி டேப்லெட்டுகளில், பிள்ளைகள் வேண்டாத தளங்களுக்குப் போகாதபடி காக்கும் கண்காணிப்பு நிரலும் சேர்ந்தது. அக்காவலைக் குறைகூறுவதற்கில்லை, 13 வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்கும் கருவிக்கு அது அவசியம். ஆயின் காவலின் சாவி யாரிடம் இருக்கிறது, காவல் தேவைப்படாத நாளில் அதனைத் திறப்பவர் யார் என்பவை கொள்முதல் ஒப்பந்தத்திலேயே எழுதப்படவேண்டியவை. அரசாங்கப் பணத்தில் வாங்கிய ஜீப்பின் சாவியை விற்றவரே வைத்துக்கொள்வதை எந்தத் தணிக்கை அதிகாரியும் ஒப்பமாட்டார்.

மூலநிரலைப் பொறுத்தவரை சட்டத்தின் துணையும் இருக்கிறது. லினக்ஸ் கெர்னல் 1991இல் வெளியான ஜி.பி.எல். 2ஆம் பதிப்பு உரிமத்தின் கீழ் வருவது. கெர்னலை இயந்திர வடிவில் வழங்குவோர், அதன் மூலநிரலையும் உடன் தரவேண்டும். அல்லது கேட்பவர் எவர்க்கும் தருவதாகக் குறைந்தது 3 ஆண்டுகள் செல்லுபடியாகும் எழுத்து உறுதி தரவேண்டும். பெரிய உற்பத்தியாளர் பலர் தம் வலைத்தளத்திலேயே மூலநிரலை வைக்கின்றனர். ஆனால் 3 ஆண்டு என்பது நீண்ட காலமன்று. 2023 டிசம்பரில் தந்த கருவிக்கு அக்கெடு 2026 டிசம்பரோடு முடியக்கூடும். ஆகையால், எவரேனும் பின்னொரு நாள் இயக்கி எழுத முற்படுவரோ இல்லையோ, இப்போதே அந்தந்த மாதிரிக்குரிய மூலநிரலைக் கேட்டுப் பெற்று ஓர் இடத்தில் பத்திரப்படுத்துவது அவசியம். அதற்குப் பெரும் செலவில்லை. ஒரு கடிதமும் ஒரு வன்தட்டும் போதும். படவரைவு, காமிரா, தொலைபேசி இணைப்பு ஆகியவற்றின் மூடிய நிரல்கள் இவ்வுரிமத்தின் கீழ் வாரா என்பதையும் மறக்கலாகாது.

இப்பணியை எங்கே செய்வது? திருப்பதியைக் காட்டிலும் தக்க இடம் கிடைப்பது அரிது. 2015இல் தொடங்கிய திருப்பதி ஐ.ஐ.டி. ஏர்ப்பேட்டில் இருக்கிறது. 1954இல் நிறுவப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக்கழகம் நகரிலேயே உள்ளது. ரேணிகுண்டாவை அடுத்து மின்னணுத் தொழிற்பேட்டை அமைந்திருக்கிறது. சத்தியவேட்டுக்கு அருகிலுள்ள ஸ்ரீசிட்டியில் 2015 முதலே ஃபாக்ஸ்கான் ஆலையில் கைபேசிகள் ஒன்றுசேர்க்கப்பட்டன. கைபேசியைப் பூட்டும் திருகாணியின் அளவை அறிந்த கைகள் இம்மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் உண்டு. அதனுள்ளே ஓடும் இயக்கி நிரலைத் திருத்த அறிந்தவர்களோ மிகச் சிலர். பொறியியல் மாணவர் இறுதியாண்டில் எங்கோ நகலெடுத்த திட்ட அறிக்கையைச் சமர்ப்பிப்பதைவிட, தம் தம்பி தங்கையர் பயன்படுத்திய டேப்லெட்டின் தொடுதிரையைப் பொதுக் கெர்னலில் இயங்கச் செய்வாரானால், பட்டத்துக்கும் பொருள் உண்டாகும், பள்ளிக்கும் பயன் உண்டாகும். ஒரே மாதிரிக் கருவிகள் பெருந்தொகையில் இருக்கும்போது, ஒருவர் செய்த திருத்தம் பல கருவிகளுக்கு உதவும். வேறெங்கும் இயக்கி எழுதுவோர்க்கு இந்த வசதி எளிதில் வாய்ப்பதில்லை.

எல்லா உறுப்புகளும் இயங்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. திரை, தொடுதல், மின்னேற்றம், வைஃபை, ஒலி ஆகிய ஐந்தும் இயங்கினால் பள்ளிக்குப் போதும். காமிராவின் இயக்கி எல்லாவற்றினும் கடினமானது, அதனை விட்டுவிடலாம். சிலர் இதனை அரைகுறை வேலை என்பர். காமிரா இல்லாத டேப்லெட்டில் கீவிக்ஸ் கொண்டு விக்கிப்பீடியாவை வலையின்றிப் படிக்கும் பிள்ளைக்கு அக்குறை தெரியப்போவதில்லை. நகரி, சத்தியவேடு முதலிய எல்லையோர ஊர்களில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் உளர். ஆங்கிலத்தையும் தெலுங்கையும் முதன்மையாகக் கொண்டு வந்த பாடங்களால் அவர்கள் பெற்றது குறைவு. இயங்குதளம் கைக்கு வருமானால், அவர்களுக்கு வேண்டிய தமிழ் நூல்களையும் தட்டச்சுப் பலகையையும் ஆசிரியரே வைத்துக்கொள்ளலாம்.

மின்னேற்ற இயக்கியைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. மற்ற இயக்கிகள் தவறினால் கருவி இயங்காது. இது தவறினால் மின்கலம் வீங்கும், தீப்பற்றவும் கூடும். மின்னழுத்த எல்லைகளைக் குறிக்கும் அட்டவணை அந்தந்த மாதிரிக்குரியதாக இருத்தல் வேண்டும். சித்தூர்ப் பக்கத்துக் கோடையில் அலமாரியில் அடைத்த 40 டேப்லெட்டுகளை ஒருங்கே மின்னேற்றும் பள்ளியில், பரிசோதிக்கப்படாத கெர்னலை ஏற்றுவது எந்த ஆசிரியரும் தம் பொறுப்பில் செய்யத்தக்க காரியமன்று. முன்பின் அறியாதவர் தந்த கோப்புகளைப் பள்ளிக் கருவிகளில் ஏற்றும் ஆர்வத்தைக் கள ஊழியர்கள் தடுத்தே ஆகவேண்டும். தவிரவும், சில நிறுவனங்களின் கருவிகளில் தொடக்கப் பூட்டைத் திறந்த கணத்தில் உள்ளிருக்கும் மின்னுருகி ஒன்று எரிந்துபோகும். பின் பழைய நிலைக்குத் திரும்புதல் இல்லை.

புதிய டேப்லெட் மலிவாகக் கிடைக்கும்போது பழையதற்கு இத்தனை பாடு எதற்கு என்பார்க்கும் ஒரு பதில் உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகள் இக்கருவிகளை உரிய மறுசுழற்சியாளரிடமே சேர்க்கச் சொல்கின்றன. ஊர்தோறும் சிதறிய லட்சக்கணக்கான மின்கலங்களைத் திரட்டும் செலவு சிறிதன்று. அன்றியும், இன்று வாங்கும் புதிய டேப்லெட்டும் அதே பூட்டோடும் அதே மூடிய இயக்கிகளோடும்தான் வரும். ஒப்பந்தம் மாறாவிடில் 4 ஆண்டுகள் கழித்து இதே கேள்வியை வேறு ஆசிரியர்கள் கேட்பார்கள்.

கள ஊழியர்கள் இப்போது செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. அலமாரியில் உள்ள ஒவ்வொரு டேப்லெட்டையும் அதன் மின்கலம் அடியோடு தீர்ந்துபோவதற்கு முன் ஒருமுறை எழுப்பி, அமைப்புகள் பக்கத்தில் காணும் மாதிரி எண், ஆண்ட்ராய்டின் பதிப்பு, கெர்னலின் பதிப்பு, பாதுகாப்புத் திருத்தத்தின் தேதி ஆகிய நான்கையும் இருப்புப் பதிவேட்டில் எழுதிவைக்கவேண்டும். ஒரு கருவிக்கு 2 நிமிஷம் ஆகும். எந்த மூலநிரலைக் கேட்பது, எந்த மாதிரிக்கு முதலில் இயக்கி எழுதுவது என்பதை முடிவுசெய்ய வேண்டியவர்களுக்கு அப்பதிவேடே முதல் ஆதாரம்.